49-வது நாள் என்ன சாப்பிடுறோம்?



தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாள் விரதம் இருக்கிறோம். கந்த சஷ்டிக்கு 6 நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கிறவங்க நம்மில் நிறைய பேர். அந்த நாட்கள்ல பக்கத்து டேபிள்ல பிரியாணி பிரிச்சாலும் மனசு அசையறதில்லை. தெருமுனைக் கடைக்கே வண்டி எடுக்கிறவங்க, பழனிக்கு நாள்கணக்கா நடந்தே போறாங்க.

மாலையைக் கழட்டின 49-வது நாள் என்ன ஆகுது? ராத்திரி 11 மணிக்கு பரோட்டா, நடை பூஜ்யம், தூக்கம் ஒரு மணிக்கு. திங்கட்கிழமைல இருந்து ஜிம் போறேன்னு சொல்லுவோம். எந்தத் திங்கட்கிழமைன்னு மட்டும் சொல்ல மாட்டோம்.

இதுல இருந்து ஒண்ணு தெரியுது. "எனக்கு மன உறுதி இல்ல ப்ரோ" என்பது உண்மை இல்லை. 48 நாள் இருந்த உறுதி 49-வது நாள் காலையில ஆவியாகிடாது. அப்போ கேள்வி வேற. முருகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தத் தெரிஞ்ச நமக்கு, நமக்கே கொடுத்த வாக்கை ஏன் காப்பாத்த முடியல? அதைவிட அடிப்படையான கேள்வி: தனக்குத்தானே கொடுக்கிறது ஒரு வாக்குதானா?

இதைக் கொஞ்சம் யோசிங்க. நான் உங்ககிட்ட 500 ரூபா தரேன்னு சொன்னா, "வேண்டாம், விடு" என்று என்னை விடுவிக்கிற உரிமை உங்களுக்குத்தான். எனக்கு இல்லை. ஆனா "நாளைல இருந்து ஸ்வீட் தொட மாட்டேன்" என்று எனக்கே சொல்லிக்கிட்டா? வாக்கு கொடுத்தவன் நான், வாங்கினவன் நான், "பரவாயில்ல, இன்னைக்கு ஒரு நாள்" என்று விடுவிக்கிறவனும் நான். எங்க வேலையில சொல்லணும்னா, கோடு எழுதினவனே டெஸ்ட் பண்ணி அவனே அப்ரூவலும் கொடுக்கிற மாதிரி. அந்த சிஸ்டம் எத்தனை நாள் ஓடும்?

எனக்குத் தோணுற பதில் இது. அந்த வாக்கை வாங்கினவன் இன்னைக்கு இருக்கிற நான் இல்லை. 50 வயசுல மருந்து டப்பாவோட உட்காரப் போற நான். அப்போ என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப் போற மனைவி. லீவு போட்டுட்டு வரப்போற பிள்ளை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டுல சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதா கணக்கு சொல்லுது. அத்தனை பேருக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் இருக்கு. "பரவாயில்ல விடு" என்று சொல்ல அவங்க இன்னைக்கு இங்க இல்ல. அவங்க சார்பா நான் என்னையே மன்னிச்சு விடுறதுக்கு எனக்கு உரிமை கிடையாது. அதனால அது வாக்குதான், கடன்தான்.

ஆனா இங்கேயே இன்னொரு பள்ளம் இருக்கு. கடன்னு தெரிஞ்சதும் நாம அதை விரதம் மாதிரியே ஆரம்பிச்சிடுறோம். முதல் நாளே சோறு கட், சர்க்கரை கட், ஒரு மணி நேரம் ஓட்டம். நாலாவது நாள் ஆபீஸ் பர்த்டே கேக் ஒரு துண்டு உள்ள போச்சுன்னா, "விரதம் கெட்டுப் போச்சு" என்று எல்லாத்தையும் விட்டுடுறோம். விரதத்துக்கு முடிவு தேதி உண்டு. சாப்பாட்டுக்குக் கிடையாது. ரெண்டையும் ஒரே கணக்குல வைக்கக் கூடாது.

லண்டன்ல ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. தினமும் ஒரு சின்னப் புதுப் பழக்கம். அது யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. இடையில ஒரு நாள் தவறினது பழக்கம் உருவாகிறதைப் பெருசா பாதிக்கலை. அதாவது பலருக்கு 48 நாளோட வேலை முடியறதில்லை. ஒரு துண்டு கேக்கால எதுவும் அழிஞ்சும் போறதில்லை.

இப்போ எங்க ஊர்ப் பக்கம் வாங்க. கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறினா கல்வராயன் மலை. வெள்ளிமலை சுத்தி இருக்கிற மலையாளி பழங்குடி மக்களோட பழைய சாப்பாடு சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினை. ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று அறிவிக்கிறதுக்குத் தலைமுறை தலைமுறையா முன்னாடியே அது அங்க அன்றாடச் சோறு. காட்டுக்கும் சந்தைக்கும் மேடு பள்ளத்துல நடை. யாரும் அங்க புத்தாண்டுத் தீர்மானம் எடுத்து நடக்கலை. பாதை அப்படி இருந்துச்சு, மானாவாரி நிலத்துல அதுதான் விளைஞ்சுச்சு.

இதை நான் புகழ்ந்து பாட வரலை. பஸ் இல்லாததால நடக்கிறது உடற்பயிற்சி இல்லை, கஷ்டம். இன்னைக்கு அங்கயும் ரேஷன் அரிசி வந்தாச்சு, பைக் வந்தாச்சு, மரவள்ளி காசுப் பயிராச்சு. வந்ததுல தப்பும் இல்லை. நான் சொல்றது ஒண்ணுதான்: ஆரோக்கியத்துல நம்ம குணத்தோட பங்கைவிட, நம்மைச் சுத்தி எது சுலபமா கிடைக்குதுங்கிறதோட பங்கு பெருசு. அதனால ஒல்லியா இருக்கிறவன் ஒழுக்கசாலியும் இல்லை, குண்டா இருக்கிறவன் சோம்பேறியும் இல்லை. ஒருத்தர் உடம்பைப் பார்த்து அவர் மனசுக்கு மார்க் போடாதீங்க.

அப்போ நாம செய்ய வேண்டியது மனசோட மல்லுக்கட்டுறது இல்லை. நல்லதைக் கைக்குப் பக்கத்துல வைக்கிறது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குச் சில வழிகள்:

நடை: ராத்திரி சாப்பிட்டதும் 10 நிமிஷம். அவ்வளவுதான் முதல் மாசம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற குறைந்தபட்சம் வாரம் 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 22 நிமிஷம். மெதுவா அங்க போய்ச் சேரலாம். 10,000 அடி என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது 1965-ல் ஒரு ஜப்பான் கம்பெனி வித்த அடி எண்ணும் கருவியோட பேர்ல இருந்து வந்தது. 2023-ல் தொடங்கின 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்துல தமிழ்நாட்டின் மாவட்டங்கள்ல 8 கிலோமீட்டர் நடைபாதை குறிச்சு வச்சிருக்காங்க. அதையும் பயன்படுத்திக்கலாம்.

தசை: மீட்டிங் முடிஞ்சதும் நாற்காலியில இருந்து கையை ஊணாம 10 தடவை எழுந்து உட்காருங்க. காசும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம்.

சோறு: அரிசியை ஒழிக்காதீங்க. வாரம் ரெண்டு வேளை மட்டும் சாமை. அரை மணி நேரம் ஊற வச்சு, ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணி. அதிகம் பாலீஷ் போடாததா வாங்குங்க, நார்ச்சத்து அதுலதான் மிஞ்சும். மீதி நாள்ல தட்டுல சோத்தைக் கொஞ்சம் குறைச்சு, பொரியலையும் பருப்பையும் கூட்டுங்க.

சர்க்கரை, உப்பு: டீயில ரெண்டு ஸ்பூன் போடுறவங்க இந்த வாரம் ஒன்றரை. உப்பு மொத்தமா ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, சுமார் ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் அந்தக் கணக்குல சேரும்.

தவறினா: ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா போகட்டும். ரெண்டாவது நாள் மட்டும் விடாதீங்க.

சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறவங்க சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி, விரதம் இருக்கிறதுக்கு முன்னாடியும், டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. இது கட்டாயம்.

"உடம்பைக் கவனிக்கிறது சுயநலம், பக்தனுக்கு எதுக்கு" என்று சிலர் கேட்பாங்க. உடம்பைப் பேணுவதைப் பாடினவர் திருமூலர். மருந்துக்குன்னு ஒரு அதிகாரமே வச்ச வள்ளுவர், அதுல அதிகம் பேசுறது மருந்தைப் பத்தி இல்லை, முன்னாடி சாப்பிட்டது செரிச்ச பிறகு அளவா சாப்பிடுறதைப் பத்தி. வள்ளி காவல் காத்தது தினைப்புனம். நாம முருகனுக்குப் படைக்கிறது தேனும் தினைமாவும். அவனுக்கு அதைப் படைச்சிட்டு, நாம மட்டும் தினமும் எதை வேணா தின்னலாம்னு எப்படி வச்சுக்கிட்டோம்?

ஒரு வேண்டுகோள். "எடை குறைச்சுக் கொடு, காவடி எடுக்கிறேன்" என்று அவன்கிட்ட பேரம் பேசாதீங்க. நடக்க வேண்டியது நம்ம கால். வேணும்னா அவனைச் சாட்சியா வச்சுக்கோங்க. தனக்குத்தானே கொடுக்கிற வாக்குல குறையா இருந்தது ஒரு சாட்சிதானே.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வாங்க. 10 நிமிஷம் போதும்.

வேலும் மயிலும் துணை.