அதே நாய் வேண்டும்

2001 டிசம்பரில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சிசி பிறந்தது. உலகின் முதல் குளோன் பூனை. அதற்கு மரபணு தந்த ரெயின்போ, வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனை. சிசியின் உடம்பில் ஆரஞ்சைத் தேடினாலும் கிடைக்காது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிக் கிடக்கும். எது அடங்கும் என்பது தற்செயல். ஆரஞ்சு மரபணு எக்ஸில் இருக்கிறது. நகலெடுத்த செல்லில் அந்த எக்ஸ் உறங்கிக்கொண்டிருந்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அச்சு அசலாக வரவேண்டியது தோலிலேயே மாறிப்போச்சு.

சினிமாவில் குளோன் கண்ணாடித் தொட்டியிலிருந்து முழு ஆளாக, பழைய ஞாபகங்களோடு எழுந்து வருவான். ஐரா லெவின் 1976ல் எழுதிய 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்' இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அதில் ஹிட்லரின் 94 குளோன்களை உண்டாக்குகிறவன், ஒவ்வொரு பையனுக்கும் ஹிட்லரின் அப்பா மாதிரியே ஒரு அப்பாவைத் தேடிக்கொடுத்து, அவரை அதே வயதில் சாகடிக்கவும் ஏற்பாடு செய்கிறான். மரபணு மட்டும் போதாதுன்னு வில்லனுக்கே தெரிஞ்சிருக்கு!

பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், 2017ல் இறந்த தன் நாய் சமந்தாவின் செல்களிலிருந்து இரண்டு குட்டிகளை வாங்கிக்கொண்டார். உருவம் வந்தது, குணம் வேறு என்று அவரே சொல்லிவிட்டார். இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிக்க மனசு வரல. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, "அவரே வந்து பொறந்திருக்கார்" என்று சொல்லாத பாட்டி உண்டா? ஆசை ஒன்றுதான். என்ன, பேரன் தாத்தாவைப் போல நடக்கலைன்னா யாரும் ஏமாந்துவிட்டதாக நினைப்பதில்லை. குளோனுக்கு அந்தச் சலுகை கிடைக்குமா? ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டி வாங்கிய குட்டி, தான் பார்த்தேயிராத ஒரு நாயாக இருந்து காட்ட வேண்டியிருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 2005ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் முதல் குளோன் நாயான ஸ்னப்பியை உருவாக்க, 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் உடலில் வைத்தது. மூன்றுதான் சினையாயின. ஒன்று கலைந்தது. பிறந்த இரண்டில் ஒன்று நிமோனியாவில் மூன்று வாரத்திலேயே போய்விட்டது.

இன்று அவ்வளவு நாய்கள் தேவைப்படுவதில்லை, தொழில்நுட்பம் தேறியிருக்கிறது. ஆனாலும் முட்டை கொடுக்க ஒன்று, சுமக்க ஒன்று என்று வேறு நாய்கள் இல்லாமல் குளோன் கிடையாது. "என் நாய்க்கு ஈடாக இன்னொரு நாய் கிடையாது" என்பவர்தான் இதைக் கேட்டுப் போகிறார். அவருடைய அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த 123ல் எந்த நாயை எடுத்தாலும், அவர் கணக்கில் இன்னொன்றுக்கு ஈடுதான். அவற்றில் எதையாவது அவர் குட்டியிலிருந்து வளர்த்திருந்தால் அதன் வயிற்றைக் கொடுத்திருப்பாரா?