பகைவனின் மாடு

கப்பலைக் கைது செய்வது எங்கள் தொழிலில் அடிக்கடி காதில் விழும் சங்கதி. எண்ணெய் நிரப்பிய கம்பெனிக்குப் பாக்கி, பழுது பார்த்த யார்டுக்குப் பாக்கி, மாலுமிகளுக்குச் சம்பளப் பாக்கி என்று யாராவது நீதிமன்றம் போவார்கள். கடற்சட்டத்தில் கப்பல் மேலேயே வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்ற ஊழியர் படியேறி வந்து வீல்ஹவுஸ் கண்ணாடியில் ஆணையை ஒட்டிவிட்டுப் போவார். அதன்பின் கப்பல் நகராது. நான் செகண்ட் எஞ்சினியராக இருந்த ஒரு சரக்குக் கப்பலில் அப்படி ஒட்டினார்கள். பாக்கி வைத்த முதலாளியின் முகத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. கப்பலில் அகப்பட்டுக்கொண்டது நாங்கள்தான். டீசலை மிச்சம் பிடிக்கப் பகலில் ஜெனரேட்டரை நிறுத்தினோம், குடிநீரை அளந்து எடுத்தோம். அந்தக் கஷ்டத்திலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஒட்டிய காகிதத்தில் கேட்பவரின் பெயர் இருந்தது, கேட்கும் தொகை இருந்தது, நீதிமன்றத்தின் முத்திரை இருந்தது. முதலாளி பிணை கட்டினால் கப்பல் விடுபடும். கட்டாவிட்டால் நீதிமன்றமே விற்கும், விற்ற பணத்தில் மாலுமிகளின் சம்பளத்துக்கு முன்வரிசை உண்டு. எப்படியும் ஒரு நாள் முடியும்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் முதலே ரஷ்யப் பெரும்பணக்காரர்களின் உல்லாசக் கப்பல்கள் ஐரோப்பியத் துறைமுகங்களில் பிடிபட்டன. சான் ரெமோவில் ஒன்று, இம்பீரியாவில் ஒன்று, பிரான்சின் லா சியோத்தாவில் ஒன்று. திரியெஸ்தே துறைமுகத்தில் ஆந்த்ரே மெல்னிசென்கோவுடையது என்று சொல்லி இத்தாலி அரசு நிறுத்தி வைத்த பாய்மர உல்லாசக் கப்பல் மட்டும் 143 மீட்டர் நீளம். தனி விமானங்களும் தப்பவில்லை. ரோமான் அப்ரமோவிச்சின் போயிங் 787-க்கும் கல்ஃப்ஸ்ட்ரீமுக்கும் அந்த ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் பறிமுதல் ஆணை பிறப்பித்தது.

எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. கப்பலில் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். ஒரு தம்பி சொன்னான்: "ஊர ஏமாத்திச் சேத்த துட்டுதான அண்ணாச்சி, எடுத்தா என்ன தப்பு?" அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சோவியத் ஆட்சி உடைந்தபோது பொதுச் சொத்தாக இருந்த எண்ணெயும் அலுமினியமும் நிக்கலும் சில வருடங்களுக்குள் சிலர் கைக்குப் போன கதை உலகறிந்தது. கீவில் அடுக்குமாடி வீடு இடிந்து விழுகிறபோது, அந்தப் படையை அனுப்பிய அரசின் நிழலில் செழித்தவன் மயோர்க்கா தீவில் கப்பலைக் கட்டிவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அன்று நான் அவனுக்கு வேதத்தில் வரும் நாபோத்தின் கதையைத்தான் நினைவூட்டினேன்.

ஆகாப் ராஜாவுக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த திராட்சத் தோட்டம் வேண்டியிருந்தது. நாபோத் கொடுக்க மறுத்தான். ராணி யேசபேல் கொள்ளைக்காரர்களை அனுப்பவில்லை என்பதுதான் அந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத விஷயம். அவள் நிருபம் எழுதி முத்திரை போட்டாள், உபவாசம் கூறச் செய்தாள், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினாள், சட்டப்படி இரண்டு சாட்சிகளை நிறுத்தினாள். தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று குற்றம் சாட்டி நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். பிறகுதான் ஆகாப் தோட்டத்தில் கால் வைத்தான். சட்டத்தின் உடுப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. தீர்க்கதரிசி எலியா வந்து ஆகாபை நிறுத்திக் கேட்டபோது கொலையையும், எடுத்துக்கொண்டதையும் சேர்த்தே கேட்டார்.

"நாபோத் ஏழை, இவனுவ ஆகாப்பு மாதிரி ஆளுவ" என்றான் தம்பி. அதுதான் கேள்வியே. நாபோத்துக்குக் காவலாக இருந்த நியாயப்பிரமாணம் ஆகாபுக்கும் காவலாக இருக்க வேண்டுமா? இருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். நியாயம் விசாரிக்கும்போது பெரியவனுக்கு முகதாட்சணியம் பார்க்காதே என்று சொல்லும் லேவியராகமம், அதே வசனத்தில் சிறியவனுக்கும் பார்க்காதே என்கிறது. ஏழையின் மேல் அத்தனை கரிசனம் உள்ள புத்தகம் இப்படிச் சொல்லுகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. விசாரணையில்லாமல் பணக்காரனிடம் எடுக்கப் பழகிய கை, நாளைக்கு ஏழையிடம் எடுக்கும்போது கூசாது.

லண்டனில் நடந்ததைப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் கேனரி வார்ஃப் பக்கம் 'ஃபை' என்ற 58 மீட்டர் கப்பலைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்தி வைத்தது. அதன் சொந்தக்காரர் செர்கேய் நவ்மென்கோ ரஷ்யத் தொழிலதிபர். பொருளாதாரத் தடைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ரஷ்யாவோடு தொடர்புள்ளவரின் கப்பல் என்பதே சட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. யூஜின் ஷ்விட்லர் என்பவர் பிரிட்டிஷ் குடிமகன், 1989-லேயே சோவியத் நாட்டை விட்டு வெளியேறியவர். அப்ரமோவிச்சோடு உள்ள தொழில் உறவைக் காரணம் காட்டி அவர் சொத்துகளை முடக்கினார்கள். அவருடைய இரண்டு விமானங்களும் தரையிலேயே நின்றன. இருவர் வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஜூலையில் தோற்றன. ஷ்விட்லர் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் லெகட் பிரபு மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இவ்விருவருக்காகப் பரிந்து பேசுவது என் நோக்கம் இல்லை, அவர்களுக்கு நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனால் குற்றம் சாட்டாமல், கேட்பவர் யார் என்று சொல்லாமல், முடியும் நாள் எது என்று குறிக்காமல் ஒரு அரசு ஒருவருடைய பொருளை வைத்துக்கொள்கிறது. எங்கள் வீல்ஹவுஸ் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தில் இருந்த மூன்றும் அதில் இல்லை.

முடக்குவது வேறு, பறிமுதல் செய்வது வேறு. ஐரோப்பாவில் பிடிபட்ட கப்பல்களில் பெரும்பாலானவை முடக்கப்பட்டவைதான். உரிமை பழைய சொந்தக்காரரிடமே இருக்கிறது, அவர் அதை விற்கவோ ஓட்டவோ முடியாது. அப்படியென்றால் நிறுத்தி வைத்திருக்கும் அரசு யார்? வேதத்தின் வார்த்தையில் சொன்னால் உக்கிராணக்காரன். அடுத்தவன் பொருளுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன்.

பகைவனின் மாடு வழிதப்பித் திரிவதைக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடவேண்டும் என்று யாத்திராகமத்தில் ஒரு கட்டளை உண்டு. உபாகமம் இன்னும் ஒரு படி போகிறது: சொந்தக்காரன் பக்கத்தில் இல்லையென்றால் உன் வீட்டில் கட்டி வைத்திரு, தேடி வரும்போது கொடு. எத்தனை நாள் தீனி போடுவது? மதுரை அரசரடியில் இறையியல் படித்த எங்கள் போதகரிடம் இதைக் கேட்டபோதுதான் யூத ரபிமார்களின் மிஷ்னாவில் இதற்கு நேரான பதில் இருப்பதைக் காட்டினார். உழைத்துத் தின்னும் பிராணியாக இருந்தால் வேலை வாங்கிக்கொண்டு தீனி போடலாம். உழைக்காமல் தின்னும் பிராணியாக இருந்தால் விற்றுவிட்டு, பணத்தை உரியவனுக்காக வைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1800 வருடங்களுக்கு முன் தொகுத்த சட்டம் அது.

உல்லாசக் கப்பல் உழைக்காமல் தின்னும் பிராணி. அந்தத் தொழிலை அறிந்தவன் என்ற முறையில் இதை நான் அழுத்திச் சொல்லுவேன். நின்றாலும் ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஏசி நின்றால் உப்புக்காற்றின் ஈரம் மரவேலைப்பாடு முழுவதிலும் ஏறிவிடும். அடிப்பாகத்தில் சிப்பி பிடிக்கும், சீல்கள் காய்ந்து கசியும், தீயணைப்புக் கருவிகளுக்குச் சான்றிதழ் காலாவதியாகும். ஆள் இல்லாமல் விட்டால் அது துறைமுகத்துக்கே ஆபத்து. ஆன்டிகுவா தீவின் ஃபால்மவுத் துறைமுகத்தில் நின்ற 'ஆல்ஃபா நீரோ'வில் அதுதான் நடந்தது. தடைக்குள்ளான கப்பல் என்பதால் நெருங்குவார் இல்லை, சம்பளமும் இல்லை. 2023 ஜூன் ஏலத்தில் 67.6 மில்லியன் டாலருக்குக் கேட்டவர் வழக்குச் சிக்கலைப் பார்த்து விலகினார். அடுத்த ஆண்டு 40 மில்லியனுக்குத்தான் விற்க முடிந்தது. மாறாக, ஜிப்ரால்டரில் பிடித்த 'ஆக்சியோமா'வுக்கு ஜே.பி.மார்கன் வங்கியின் கடன் இருந்தது. கேட்பவர் இருந்தார், தொகை இருந்தது. 2022 ஆகஸ்டிலேயே ஏலம் முடிந்து 37.5 மில்லியன் டாலருக்குப் போனது. திரியெஸ்தேயில் நின்ற பாய்மரக் கப்பலோ மூன்று ஆண்டுகளைத் தாண்டியும் அப்படியே நின்றது. செலவு இத்தாலிய மக்களின் வரிப்பணம்.

அமெரிக்கா செய்தது இதிலிருந்து சற்று வேறு. ஃபிஜியின் லவுதோகா துறைமுகத்தில் 2022 மே மாதம் பிடிக்கப்பட்ட 'அமேடியா' 106 மீட்டர், மேலே ஹெலிகாப்டர் இறங்குதளம், மதிப்பு 30 கோடி டாலருக்கு மேல். ஃபிஜி உச்ச நீதிமன்றம் அனுமதித்த பிறகு சான் டியேகோவுக்குக் கொண்டுபோனார்கள். 2018-லேயே தடைக்குள்ளான ரஷ்யப் பெரும்பணக்காரர் சுலைமான் கெரிமோவ்தான் உண்மைச் சொந்தக்காரர் என்பது அமெரிக்காவின் வாதம். ராஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் எதுவார்த் ஹுதைநாதவ் தன்னுடையது என்று வந்தார். அமெரிக்க அரசு நியூயார்க்கில் கப்பலின் பெயரிலேயே வழக்குப் போட்டது. பராமரிப்புக்கு மாதம் 6 லட்சம் டாலருக்கு மேல் போகிறது, விற்க விடுங்கள் என்று இடையில் கேட்டது. நீதிபதி டேல் ஹோ இசையவில்லை. 2025 மார்ச்சில்தான் ஹுதைநாதவ் வெறும் பினாமி என்று தீர்ப்பளித்தார். செப்டம்பரில் ஏலம் நடந்தது. மூன்று வருடம் செலவானது என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்த மூன்று வருடம்தான் இந்த விவகாரம் முழுவதிலும் மரியாதைக்குரிய பகுதி. சொந்தம் என்று வந்தவனின் வாயை அடைக்காமல் கேட்டார்கள், விற்கும் ஆசையை நீதிபதி தடுத்தார். ஆகாபின் ஊரில் அப்படி ஒரு மனிதர் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் நாபோத் பிழைத்திருப்பான்.

இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மயோர்க்காவின் போர்ட் அத்ரியானோவில் 'லேடி அனஸ்தாசியா' என்ற கப்பல். ரஷ்ய ஆயுத ஏற்றுமதி நிறுவனத்தின் தலைவருடையது என்று சொல்லப்பட்டது. அதன் சீஃப் எஞ்சினியர் உக்ரைன்காரர். போர் தொடங்கி இரண்டு நாள் கழித்து, கீவில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை ஏவுகணை தாக்கியதைச் செய்தியில் பார்த்துவிட்டு, எஞ்சின் அறையின் கடல்நீர் வால்வுகளைத் திறந்துவிட்டார். மற்ற ஊழியர்கள் ஓடிவந்து அடைத்தார்கள். போலீஸ் பிடித்தபோது ஒளிக்கவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். கப்பலின் உயிரைக் காப்பது எஞ்சினியரின் கடமை. அந்த வால்வை நான் என் கையால் திறக்கமாட்டேன், கப்பலில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அவர் செய்ததில் ஆகாபின் ஆசை துளியும் இல்லை. அவர் தோட்டம் கேட்கவில்லை. தன் ஊர் இடிகிறபோது அந்தக் கப்பலுக்கு வேலை செய்ய அவருடைய மனச்சாட்சி ஒப்பவில்லை. தன் பெயரோடு நின்று, தண்டனைக்கும் தன்னை ஒப்புக்கொடுத்தார். தேவன் அந்த மனிதரை எப்படித் தீர்ப்பார் என்று யோசித்தால், என்னால் கடுமையாக நினைக்க முடியவில்லை.

எரிகோவின் சகேயுவிடம் இயேசு எதையும் பறிக்கவில்லை. வரி வசூலித்துப் பெருத்த அந்த மனிதன் தன் வீட்டில் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னான். சகேயுவின் மனமாற்றத்தை எந்த அரசும் ஆணை போட்டு வரவழைக்க முடியாது. கெரிமோவின் ஆத்துமாவுக்கும் சான் டியேகோ துறைமுகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சகேயுவின் பேச்சில் இரண்டாவது பாதி இருக்கிறதே, ஏமாந்தவனுக்குத் திருப்புவது, அது அரசால் ஆகக்கூடிய காரியம். எடுத்ததை நியாயமாக்குவதும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். விசாரித்து எடுத்து, அடிபட்டவன் கையில் கொடுத்தால் அது நீதி. விசாரித்து எடுத்தாலும் கஜானாவிலேயே போட்டுக்கொண்டால், தோட்டம் கடைசியில் ஆகாபிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கணக்கில் இதுவரை நடந்தது கொஞ்சம். ரஷ்யப் பெரும்பணக்காரர் கான்ஸ்தாந்தின் மலஃபேயெவிடமிருந்து பறிமுதலான 54 லட்சம் டாலரை உக்ரைனுக்குக் கொடுக்க 2023 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அனுமதித்தது. இப்படிப்பட்ட முதல் தொகை அது. கப்பல்களையும் விமானங்களையும் பிடிக்க 2022 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை அமைத்த தனிப் பணிக்குழுவை 2025 பிப்ரவரியில் கலைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், ஐரோப்பிய மன்றம் 2023-ல் ஹேக் நகரில் உக்ரைனின் சேதங்களுக்காக ஒரு பதிவேடு தொடங்கியது. 2024 ஏப்ரலில் முதலாவதாகத் திறந்தது வீடு சேதப்பட்டவர்களுக்கும் இழந்தவர்களுக்குமான பகுதி. இடிந்த வீட்டின் முகவரியைச் சொல்லி, சான்று காட்டி, தன் பெயரைப் பதியலாம். பதிவேடு அதைக் குறித்துக்கொள்ளும், பணம் கொடுப்பது அதன் வேலை இல்லை. ஆனால் எங்கள் வீல்ஹவுஸ் கண்ணாடிக் காகிதத்தில் இருந்தது அங்கே வந்துவிட்டது: கேட்பவரின் பெயரும், அவர் இழந்ததும்.

அடுத்த கூட்டத்துக்கு ஜெபக்குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். விற்ற கப்பல்களின் பணம் அந்தப் பதிவேட்டில் பெயர் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டும், நிறுத்தி வைத்த கப்பல்களுக்கு ஒரு விசாரணை நாள் குறிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதினேன். தம்பி அதை வாங்கிப் படித்துவிட்டு, கப்பல்களில் நிற்கும் மாலுமிகளின் சம்பளத்தையும் சேர்க்கச் சொன்னான். சேர்த்துக் கொடுத்தேன்.