புளிமாவும் பொறுமையும்



இட்லிமாவைக் கரைத்துவைத்துவிட்டுக் கவலையின்றி நித்திரை செய்யும் நம் தாய்மார்கள், ஈஸ்ட் இட்டு ரொட்டி சுடவேண்டுமென்றால் அஞ்சுகிறார்கள். ஏன் இந்த அச்சம்? இரண்டிலும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத உயிர்களே. ஈஸ்ட்டைக் கொதிநீர் கொன்றுவிடும். குளிர்ந்த நீரோ தாமதப்படுத்துமேயன்றிக் கொல்லாது. விரல் பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் சிறிது சர்க்கரையோடு அதைக் கரைத்து, 10 நிமிடம் பொறுத்திருங்கள். நுரை எழுந்தால் உயிர் இருக்கிறது. பின்பு மாவைப் பிசைந்து மூடிவையுங்கள், இருமடங்காகும்வரை தொடாதீர்கள். முதல் ரொட்டி கல்லாய்ப் போனாலும் அடுத்த வாரம் மறுபடி பிசையுங்கள்.

மோட்ச இராச்சியத்துக்கு உவமையாக நம் ஆண்டவர் காட்டியதும், மூன்று மரக்கால் மாவில் புளிமாவை அடக்கிவைத்த ஒரு பெண்ணையே (மத். 13). கலந்து வைத்தது அவள். மாவைப் பொங்கச்செய்தது அவளல்ல.

பிள்ளை வளர்ப்பிலும் அப்படியே. நல்ல புத்தியை அவர்கள் உள்ளத்தில் இட்டபின், பயத்தால் அவசரப்பட்டுக் கோபமென்னும் கொதிநீரை ஊற்றாதீர்கள். வீட்டில் அன்பின் இளஞ்சூடு நிலைக்கட்டும். வளரச்செய்கிறவர் சர்வேசுரன். அவருடைய வரப்பிரசாதம் உங்கள் இல்லங்களில் பொங்குவதாக. ஆமென்.