பேயின் வழக்கு

பதின்வயதில் படித்த திகில் நாவலை நாற்பது வயதில் மறுபடி எடுப்பவர் முதலில் தேடுவது அந்தப் பழைய பயத்தைத்தான். அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. விளக்கை அணைக்க விடாத பக்கங்களெல்லாம் இப்போது சாதாரணமாகப் புரண்டுவிடுகின்றன. இதற்கா அப்படி நடுங்கினோம் என்று புத்தகத்தை மூடிவைத்துவிடுவோரும் உண்டு. மூடாமல் படிப்பவருக்கு, பயம் விலகிய இடத்தில் வேறொன்று கண்ணில் படுகிறது. பேயாக வந்தவருக்கு அதற்கு முன்பே யாரோ ஒரு கொடுமை செய்திருக்கிறார்கள். அது கதைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தும் பதினான்கு வயது வாசகர் அதைக் கடந்து ஓடிவிட்டார். அந்த வயதில் ஓடியது பிழையில்லை. வளர்ந்த பிறகும் நின்று கேட்க மறுப்பது பிழையா என்பதே கேள்வி. பிழைதான் என்று சொல்வதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. யாரைக் கண்டு அஞ்சுவது என்று கற்றுக்கொள்ளும் மனம், யாரை வெறுக்கலாம் என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறது.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பட்டம் பெற்ற சொ. விருத்தாசலம், பின்னாளில் புதுமைப்பித்தனாகி, 'காஞ்சனை' போன்ற பேய்க்கதைகளை எழுதினார். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஷெல்லி அதை எழுதத் தொடங்கியது 1816இல், தம் 18ஆம் வயதில். இரண்டு ஆண்டுகளில் நூல் வெளிவந்தது. இளம் பெண்ணொருத்தி எழுதி, உலகெங்கும் இளையோர் தலைமுறை தலைமுறையாக நடுங்கிப் படித்த நாவல் அது. முதல் வாசிப்பில் மனத்தில் பதிவது பிணத்துண்டுகளை ஒட்டிச் செய்த அந்த உருவமும் அதன் கைகளில் நிகழும் கொலைகளும். மறுவாசிப்பில் பதிவது வேறு. அந்த உயிர் கண் திறந்த கணத்திலேயே, அதைப் படைத்த விக்டர் அறையைவிட்டு ஓடுகிறான். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கப்படவில்லை. ஏழைக் குடும்பம் ஒன்றைச் சுவரின் இடுக்கு வழியே பார்த்து அது பேச்சைக் கற்கிறது; இரவில் அவர்களுக்குத் தெரியாமல் விறகு கொண்டுவந்து போடுகிறது. அதன் முகத்தைப் பார்க்க முடியாத பார்வையற்ற முதியவர் மட்டுமே அதனிடம் அன்பாகப் பேசுகிறார். பார்த்தவர்கள் அடித்துத் துரத்துகிறார்கள். ஆற்றில் மூழ்கிய சிறுமியை அது காப்பாற்றுகிறது. கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. பயந்து படித்த வாசகர் அந்த ஊராரின் பக்கம்தான் நின்றிருந்தார்.

இங்கே எழும் முதல் மறுப்பு எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. அந்த உயிர் ஒரு குழந்தையைக் கொன்றது. கொலையாளியின் துயரத்தைக் கேட்கப் புகுந்தால் கொலைக்கே நியாயம் கற்பித்ததாகாதா? ஆகாது. நாவலே அதற்கு விடை வைத்திருக்கிறது. அந்தக் குழந்தையின் கொலைப்பழி வீட்டில் வேலை செய்த ஜஸ்டின் என்ற பெண்மேல் விழுகிறது. உண்மையான கொலையாளி யார் என்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாய் திறக்காமல் இருக்கிறான். குற்றமற்றவள் மரண தண்டனை பெறுகிறாள். இந்த மரணத்தில் கொன்ற கைக்கும் பங்குண்டு, மௌனம் காத்த கனவானுக்கும் பங்குண்டு. ஒருவர் குற்றத்தைச் சொன்னால் மற்றவர் குற்றம் குறைந்துவிடாது. திகில் கதையை மேலோட்டமாகப் படிக்கும்போது கோரமான முகம் உடையவரின் குற்றம் மட்டும் கணக்கில் வருகிறது. நல்ல குடும்பத்தில் பிறந்து நாகரிகமாகப் பேசுகிறவரின் குற்றம் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது. வளர்ந்த வாசகர் செய்ய வேண்டியது அந்தக் கணக்கை முழுமையாக்குவது.

தாமிரபரணிக் கரை மக்கள் இந்தக் கணக்கை வேறு வழியில் எழுதி வந்திருக்கிறார்கள். இடையன்குடியில் வாழ்ந்த கிறித்தவ மறைப்பணியாளர் கால்டுவெல், 1849இல் வெளியான தம் நூலில் இப்பகுதியின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று வகைப்படுத்தினார். அவர் அதில் முதன்மையாகக் கண்டது அச்சம். அச்சம் இருந்தது உண்மை. ஆனால் கொடை எனப்படும் கோயில் விழாவில் வில்லடித்துப் பாடப்படுவது, பேய் எப்படிப் பயமுறுத்தியது என்பது மட்டுமல்ல. அது எப்படிக் கொல்லப்பட்டது என்பதும்தான். சாவைப் பாடும் கட்டத்தில்தான் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் மிகுந்து வருகிறது. பழையனூர் நீலியின் கதை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். கணவன் கையால் செத்த பெண் மறுபிறவியில் அவனைப் பழிவாங்குகிறாள். அவன் உயிருக்குப் பிணை நின்ற 70 வேளாளர்கள் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகிறார்கள். புலவர் மரபு போற்றியது அந்த 70 பேரின் வாய்மையை. கொலையுண்டவளின் பெயர் பொய்யழுகைக்கு அடைமொழியாயிற்று. தெற்கே வில்லுப்பாட்டு அவளை இசக்கி என்ற நாட்டார் தெய்வத்தோடு சேர்த்து, பீடம் கொடுத்து, அவளுக்கு நேர்ந்த கொலையை ஊர் கூடிய இடத்தில் பாடியது.

அப்படியானால், சாமியாக்கிப் படையல் போட்டுவிட்டால் பழி தீர்ந்துவிடுமா என்பது இரண்டாவது மறுப்பு. வழிபாடு கொன்றவர்களுக்கு மலிவான விடுதலையாகிவிடக் கூடும் என்ற இந்த ஐயம் நியாயமானது. கதையைத் திருத்திக்கொள்ளும்போது அதுதான் நடக்கிறது. பாபநாசம் மலைக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படுகிறவர் முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்டவர். இன்றும் அவருக்குத் தோல் செருப்பு காணிக்கையாகிறது. இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, பெண்கள் இருவரும் பிராமணக் குலத்தில் பிறந்து பகடை வீட்டில் வளர்ந்தவர்கள் என்று பிற்காலத்தில் மாற்றப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். அந்தத் திருத்தத்தில் சாமி அப்படியே இருக்கிறார், செருப்பும் இருக்கிறது. சாதியை மீறிய செயல் மட்டும் காணாமல்போகிறது. எதற்காக அவரை நினைவுகூர்கிறோமோ அதையே நீக்கிவிட்டு வணங்குவது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஆகவே வழிபாடோ அனுதாபமோ போதாது. நடந்ததை நடந்தபடி சொல்வதே கடனைத் தீர்க்கும்.

பொழுதுபோக்குக்குப் படிக்கும் கதையில் இத்தனை அறச்சுமை எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. பயந்து மகிழ்வது இளம்வயதின் இயல்பு. அதைப் பறிக்கக் கூடாது என்பதை ஏற்கலாம். ஆனால் பதின்வயது மனம் தனித்தீவில் வளர்வதில்லை. 2023 ஆகஸ்டில், வானமாமலை பிறந்த அதே நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவரைக் காக்க வந்த தங்கையும் வீட்டுக்குள் வைத்து அரிவாளால் வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் பள்ளிச் சிறுவர்கள். மாணவரிடையே சாதிப் பகையை ஒழிக்கும் வழியைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவை அரசு அமைக்க வேண்டிவந்தது. எந்தத் திகில் கதையும் அந்த அரிவாளை எடுத்துக்கொடுக்கவில்லை. அப்படிச் சொல்வது அபாண்டம். ஆயினும் அடுத்த தெருக்காரனை அச்சத்துக்கும் வெறுப்புக்கும் உரியவனாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அவனுடைய தரப்பு ஒன்று உண்டு என்று காட்டும் பயிற்சி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். விரும்பிப் படிக்கும் கதையைவிட அதற்கு ஏற்ற இடம் குறைவு.

எனவே இளையோரிடமிருந்து பேய்க்கதைகளைப் பிடுங்குவதும் தவறு, கொடூரத்தைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதும் தவறு. முதலாவது அவர்களின் ஆர்வத்தைக் கொல்கிறது. இரண்டாவது பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தையே அழிக்கிறது. அவர்கள் பயந்து படிக்கட்டும். ஆனால் அதே நூலை முன்பே படித்து, பயம் தெளிந்து, மறுபடியும் படித்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அவருக்குப் பொறுப்பு கூடுகிறது. பழைய நூலைத் திரும்ப எடுங்கள். அதில் உங்களை நடுங்கவைத்தவருக்கு முதலில் கொடுமை செய்தவர் யார் என்று தேடுங்கள். எழுதியவர் அதை மறைத்திருந்தால் அந்த மறைப்பையும் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது பேய் வந்த இரவோடு நிறுத்தாதீர்கள். அது செத்த நாளையும் சொல்லுங்கள். கொன்றவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.