விற்ற பொருளின் அறிவு யாருக்கு உரியது?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவனுக்கு அப்பொருள் முற்றாக உரியதாகிவிடுகின்றதா? அன்றி, அதன் உடல் மாத்திரமே அவன் கைக்கு வந்து, அதை இயக்கும் அறிவு விற்றவனிடமே தங்கிவிடுகின்றதா? மண்வெட்டியைப் பொறுத்தமட்டில் இக்கேள்வி எழுவதில்லை. கணினிச் சில்லைப் பொறுத்தமட்டில் எழுகின்றது. இயங்குதளம் கேட்பதைச் சில்லுக்கு விளங்கும் கட்டளையாக மாற்றிக் கொடுப்பதற்குச் ‘செலுத்தி’ என்னும் நிரல் வேண்டும். எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் சில்லு என்ன செய்யும் என்பதை அறியாதவன் அந்நிரலை எழுத முடியாது. அவ்விவரமோ உற்பத்தியாளனின் பெட்டகத்தில் இருக்கின்றது.

2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் ‘டபிள்யூ.ஆர்.ரி. 54ஜி’ என்ற ரவுட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனுள் லினக்ஸ் இருந்தது. லினக்ஸை வைத்துப் பொருள் விற்பவர் அதன் மூல நிரலையும் கொடுக்கவேண்டும் என்பது அதன் பொது உரிமத்தின் விதி. பலர் வற்புறுத்திக் கேட்ட பின்னரே, 2003இல், அது வெளிவந்தது. அந்நிரலை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ‘ஓபன் டபிள்யூ.ஆர்.ரி.’ என்னும் இயங்குதளம் பிறந்தது. ஆயினும் அப்பெட்டியின் உயிர்நாடியான புரோட்கொம் வானலைச் சில்லின் செலுத்தி, மூல நிரலாக அன்றி, வாசிக்கவோ திருத்தவோ இயலாத இருமக் கோப்பாகவே கிடைத்தது. அது லினக்ஸ் 2.4 கேர்ணலுக்கென ஆக்கப்பட்டது. உலகம் 2.6க்குச் சென்ற பின்னரும் இச்சில்லுள்ள ரவுட்டர்கள் பல ஆண்டுகள் 2.4ஐ விட்டு நகர முடியவில்லை. ஒரேயொரு கோப்பு ஓர் இயங்குதளத்தையே கட்டிப்போட்டது!

இத்தகைய கோப்பை ஏற்பது நேர்மையா? ஓபன் டபிள்யூ.ஆர்.ரி.யினர் ஏற்றனர். வானலை இல்லாத ரவுட்டரால் யாருக்கு என்ன பயன் என்பது அவர்தம் நியாயம். ‘ஓபன்பிஎஸ்டி’ இயங்குதளத்தினரோ, திறக்க முடியாத செலுத்தி எமக்கு வேண்டாம் என உறுதியாய் நின்றனர். முன்னவரை நாம் சந்தர்ப்பவாதிகள் என்று தூற்ற விரும்பவில்லை. இன்றைய தேவையும் தேவைதான். ஆனால் மூடிய கோப்பு வேலை செய்யும்வரை அதைத் திறக்கவேண்டும் என்ற அவசரம் மங்கிவிடுகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. அலைவரிசைச் சட்டத்தை மீறும்படி எவரும் சில்லை மாற்றிவிடலாம் என்று உற்பத்தியாளர் தரப்பில் ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. அது முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று.

மூன்றாவது வழியொன்றும் இருந்தது. ஒரு குழுவினர் மூடிய செலுத்தியைப் பிரித்தாராய்ந்து சில்லின் நடத்தையைச் சாதாரண மொழியில் விவரமாக எழுதினர். அக்கோப்பைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழுவினர் அவ்விவரத்தை மாத்திரம் கொண்டு புதிய செலுத்தியை ஆக்கினர். அறிந்தவன் எழுதலாகாது, எழுதுபவன் பார்த்தலாகாது! களவென்ற பழி வராதிருக்கத் தாமே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு இது. உற்பத்தியாளன் சில பக்கங்களை வெளியிட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் உழைப்பு எத்தனை! 2006இல் அச்செலுத்தி லினக்ஸ் 2.6.17இல் இடம்பெற்றது.

மறு ஆண்டே வருந்தத்தக்க சம்பவமொன்று நிகழ்ந்தது. அதே சில்லுக்குச் செலுத்தி எழுதிக்கொண்டிருந்த ஓபன்பிஎஸ்டி நிரலாளர் ஒருவர், லினக்ஸ் நிரலாளரின் பகுதிகளை உரிமத்துக்கு மாறாகத் தம் களஞ்சியத்திற் சேர்த்திருந்தார். தவறு தவறுதான். ஆனால் அது பலரறியப் பகிரங்கக் கடிதமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. அவர் தம் நிரலை நீக்கிவிட்டு அம்முயற்சியையே கைவிட்டார். தனிக் கடிதமொன்று போதாதிருந்ததா என்று நாம் கேட்கிறோம். பூட்டியவன் ஒருவன், பூட்டைத் திறக்க முயன்ற இருவர் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டனர். இதிற் பூட்டியவனுக்கு யாதொரு நட்டமுமில்லை.

2010 செப்ரெம்பரில் புரோட்கொம் தானாகவே ஒரு செலுத்தியின் மூல நிரலை வெளியிட்டது. அது அதன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கு மாத்திரம். பழைய சில்லுகளுக்குள்ளே ஓடும் நுண்ணிரலை இன்றும் உற்பத்தியாளனின் கோப்பிலிருந்தே வெட்டியெடுக்கவேண்டும். அவற்றுட் சிலவற்றுக்கு மாத்திரம் இத்தாலியின் பிரேசியா பல்கலைக்கழகத்தினர் திறந்த நுண்ணிரலொன்றை எழுதியளித்துள்ளனர்.