தலைமடையும் கடைமடையும்

அழகை நுகர்வதற்கு வரலாறு எதற்கு? இங்கினியாகலை அணைக்கட்டின்மேல் நின்றபோது நண்பர் கேட்ட கேள்வி இது. சித்திரை விடுமுறையில் ஆசிரியர் மூவர் ஒரு வானை அமர்த்திக்கொண்டு, பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே கல்முனைக் கடற்கரைவரை இறங்கிச் செல்வதெனப் புறப்பட்டிருந்தோம். எதிரே சேனநாயக்க சமுத்திரம் விரிந்து கிடந்தது. நீரில் மூழ்கிப் பட்டுப்போன காட்டுமரங்கள் ஆங்காங்கே தலைநீட்டி நிற்க, அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தின. நண்பர் கைப்பேசியிலே படம் பிடித்துக் களைத்தார். 1949ஆம் ஆண்டைப்பற்றி நான் வாய் திறந்ததும், "பாடம் நடத்தாதே; கண்ணுக்காவது விடுமுறை கொடு" என்றார்.

அவர் கூற்றை இலகுவில் தள்ளிவிட முடியாது. அழகு என்ற சொல்லைக் கேட்டதுமே அதனை உண்டு கொழுத்தவனின் பொழுதுபோக்கெனச் சந்தேகிக்கும் பழக்கம் நம்மிற் சிலரிடம் உண்டு. அது வறட்டுவாதம். வரம்பில் நின்று கதிரைப் பார்க்கும் உழவனுக்கும் அழகுணர்ச்சி இருக்கிறது. அவனது அழகிலே வயிற்றின் கணக்கும் கலந்திருக்கிறது என்பதே வேறுபாடு. நமது தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. ஆயின் அத்துடன் நிற்கவில்லை. அந்நிலத்துத் தொழிலையும் உணவையும் பறையையும் கருப்பொருளென உடன் வைத்தது. தொழிலைக் கழித்துவிட்டு மருதத்தைக் காண்பது எப்படி? வான் யன்னல் வழியே நாம் காண்பது அத்தகைய கழிக்கப்பட்ட மருதத்தைத்தான்.

அந்த நீர் தானாகத் தேங்கியதன்று. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அமெரிக்கக் கம்பனியொன்று அணையைக் கட்டியது. ஏழு இலட்சத்து எழுபதாயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் குளம் எழுந்தது. வேடரின் வேட்டைக்காடுகளும் அதனுள்ளே போயின. கண்டி, கேகாலைப் பகுதிகளிலிருந்து நிலமற்ற சிங்களக் குடும்பங்கள் பெருந்தொகையிற் கொண்டுவரப்பட்டன. அவர்களது நிலப்பசி மெய்யானது. அப்பசியைத் தீர்க்கும் பெயரில் ஆட்சியாளர் இனக்கணக்கும் பார்த்தனர் என்பதும் அதேயளவு மெய்யானது. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்களில், இப்பள்ளத்தாக்கிலேயே தமிழர் கொல்லப்பட்டனர். சுதந்திர இலங்கையின் முதலாவது பெரும் இனவன்முறை இங்குதான் நிகழ்ந்தது.

அம்பாறை, உகணை, மத்திய முகாம் என வீதி இறங்கியது. பெரும்போக அறுவடை முடிந்த வயல்கள் தாளோடு கிடந்தன. போகப் போக ஊர்கள் பெயரிழந்து எண்களாயின: நாலாம் கொலனி, ஏழாம் கிராமம், பதினைந்தாம் கிராமம். இடதுகரை வாய்க்காலின் தலைப்பக்கத்தில் வாழ்வோர் பெரும்பாலும் சிங்களவர். கடைப்பக்கத்தில் தமிழ் பேசுவோர். நீரின் ஒழுங்கும் இனத்தின் ஒழுங்கும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்துவிட்ட பூமி இது.

இங்கேதான் என்னை நெடுநாளாக உறுத்தும் வினா எழுகிறது. தலைமடையான் மதகைத் திறந்தால் அவன் வயல் நிறைகிறது. மிஞ்சியதே கீழே போகிறது. அவன் எதையும் திருடவில்லை. அவன் நிற்கும் இடமே அவனுக்கு அந்த வசதியைத் தந்தது. இடத்தின் தற்செயலால் வந்த வசதி உரிமையாகுமா?

எழுபதுகளின் இறுதியில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து கிடந்தன. சிறுபோகத்தில் கடைமடைக்கு நீர் எட்டுவதே அரிது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் இருத்தின. 1981இல் குளத்திலே காற்பங்கு நீரளவே இருந்தது. களவும் கைகலப்பும் நிகழவேண்டிய அவ்வாண்டிலே, மேற்பக்கத்து விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினர், முறைவைத்துப் பாய்ச்சினர், மிச்சம் பிடித்த நீரைக் கீழே விட்டனர். இதனை அருகிருந்து கண்ட நோர்மன் அப்ஹொஃப் 1992இல் நூலாகவே எழுதினார். போர் மூண்டிருந்த 1997இலும் மேல், நடு, கீழ்ப் பகுதியினர் அருந்தலான நீரைப் பகிர்ந்து விளைவித்தனர்.

"பெருந்தன்மை!" என்றார் நண்பர். நான் அச்சொல்லை ஏற்கவில்லை. பெருந்தன்மை என்றால் கடைமடையான் கைகூப்ப வேண்டும். தனக்குரிய நீருக்கு அவன் ஏன் நன்றி சொல்லவேண்டும்? மேலே நின்றவர்கள் திடீரெனப் புனிதரானார்கள் என்றும் நான் எண்ணவில்லை. கூடிப் பேசும் ஓரமைப்பு வந்ததும், கீழே இருப்பவன் ஒரு முகமும் ஒரு வயலும் உள்ளவனானான். இதனால் 1956 கழுவப்பட்டுவிடாது. இரண்டும் ஒரே மண்ணில் நடந்தவை.

நாவிதன்வெளி கழிந்து கிட்டங்கியைக் கடந்து கல்முனையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேலாக, இழந்த மாவட்டத்தின் கரை இது. தேநீர்க் கடையிலே ஒரு முதியவர் எங்களை விசாரித்தார். அவருடைய வயல் மேற்கே, வாய்க்காலின் கடைசியில்.

"இங்கினியாகலையில இருந்தா வாறீங்க தம்பி? குளத்தில தண்ணி எவ்வளவு நிக்குது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு மணிநேரம் அந்நீரைப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள் நாங்கள். நண்பர் கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். முதியவர் மலையையும் பறவையையும் கவனிக்கவில்லை. பட்டமரங்களின் அடியை உற்றுப் பார்த்தார். ஒரு படத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டு, மரத்திலே நீர் முன்பு நின்ற கறைக்கும் இப்போது நிற்கும் மட்டத்துக்கும் இடையே விரலை வைத்தார்.

"சிறுபோகத்துக்குக் காணாது" என்றார்.