எந்தக் கோப்பு படம்?

ஒரே படத்துக்கு ஹார்டு டிஸ்க்கில் மூன்று கோப்புகள் கிடக்கின்றன: கேமரா தந்த ரா கோப்பு, திருத்தங்களைக் குறித்துவைத்த சிறு கோப்பு, முடித்து வெளியே எடுத்த ஜேபெக். இவற்றில் எது படம்? இடம் தீர்ந்து எதையாவது அழித்தே ஆகவேண்டிய நாளில் இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படும். புகைப்படக்காரர்கள் பலரும் யோசிக்காமல் ரா கோப்பைத்தான் காட்டுவார்கள். அதுதான் மூலம், மற்றவை வேண்டும்போது மறுபடி செய்துகொள்ளக்கூடியவை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பிழையானது. பிழை எங்கே என்று காட்டுவதற்கு, காரண காரியம் பற்றிச் சைவ சித்தாந்திகள் வகுத்த பழைய பாகுபாடு நன்றாகவே உதவுகிறது.

முதலில், ரா என்பது படமே அல்ல. பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரே ஒரு நிறத்தின் வடிகட்டிதான் இருக்கிறது. கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு புள்ளி பச்சையை அளந்தால் அங்கே சிவப்பும் நீலமும் பதிவாவதே இல்லை; அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள்தான் அவற்றை ஊகித்து நிரப்புகிறது. கேமராவின் பின்திரையில் தெரிவதுகூட, கேமரா தன் போக்கில் அவசரமாகத் தயாரித்த ஒரு வடிவம்தான். ரா கோப்பை ராவாகவே கண்ணால் கண்டவர் யாருமில்லை.

குடம் ஒன்று உருவாக மூன்று காரணங்கள் வேண்டும் என்கிறது சித்தாந்தம். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். ரா கோப்பு மண். லைட்ரூம் போன்ற மென்பொருள் சக்கரம். எந்த நிழலைத் திறப்பது, எந்த வெளிச்சத்தை அடக்குவது என்று முடிவுசெய்பவர் குயவர். இங்கே ஒரு தடை எழும். சித்தாந்தம் சற்காரியவாதம் அல்லவா, காரியம் காரணத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்றுதானே அது சொல்கிறது, அப்படியானால் படமும் ராவுக்குள்ளேயே இருக்கிறது என்றாகாதா? ஆகும், ஆனால் பாதிதான். உள்ளே இருப்பது தானே வெளிப்படாது, அறிவுடைய ஒருவர் வெளிப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்துவதும் அதே தரிசனம்தான். தவிர, குடம் இருக்கும் மண்ணில் சட்டியும் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுப் படத்தைப் பாருங்கள். ஒரே நெகட்டிவ், அதாவது ஒரே மண். தொடக்ககாலப் பிரதிகளில் வானம் வெளிறி மேகக்கீற்றுகள் தெரிகின்றன. பிற்காலத்தவற்றில் ஏறக்குறைய கறுத்துவிட்டது. நெகட்டிவே படம் என்றால் இவையெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அருகருகே வைத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

அந்தக் குயவரின் செயல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று தேடினால் வியப்பாக இருக்கும். முப்பது எம்பி ரா கோப்பின் அருகே சில கேபி அளவே உள்ள எக்ஸ்எம்பி கோப்பு. நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்து. ‘எக்ஸ்போஷர்2012’ என்று ஒரு வரி, எதிரே ஒரு சிறு எண். அந்த 2012, லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி தன் கணக்கீட்டு முறைக்கு இட்ட பெயர். அதற்கு முந்தைய முறையில் திறந்தால் அதே ரா வேறு விதமாகத் தெரியும். வேறு நிறுவனங்களின் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண்ணால் பயனில்லை. சக்கரம் மாறினால் குடம் மாறுகிறது. ஆகவே ராவும் குறிப்பும் மட்டும் போதாது, முடித்த படத்தையும் டிஃப் ஆகவோ நல்ல தரமுள்ள ஜேபெக் ஆகவோ வைத்திருக்கத்தான் வேண்டும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 காப்புப் பிரதி விதி, மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்கிறது. நல்ல விதிதான், ஆனால் எதன் பிரதி என்பதை அது நமக்கே விட்டுவிடுகிறது. எக்ஸ்எம்பியிலும் எழுதும்படி நாமாக மாற்றாதவரை லைட்ரூம் திருத்தங்களைத் தன் கேட்டலாக் என்னும் தரவுத்தளத்தில்தான் வைத்திருக்கும். படங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் நகலெடுப்பவர் மூன்று இடங்களில் மண்ணைச் சேர்த்துவைக்கிறார்.

வலுவான மறுப்பு வேறொன்று: ராதான் சாட்சி, உண்மை அதில்தான் இருக்கிறது. வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுகளுக்கு வரும் படங்களின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குகிறார்கள். சரி. ஆனால் எதையும் ஒட்டவில்லை, அழிக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்குகிறார்கள். பரிசு, அனுப்பிவைத்த படத்துக்குத்தான். சாட்சியம் தேவைப்படும் செய்திப் படங்களுக்கு ராவைக் காப்பது கடமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கல்யாணத்தில் எடுத்துப் பிறகு யாரும் திறக்காத ஆயிரக்கணக்கான ராக்களின் நிலை வேறு. என்றாவது ஒருவர் உட்கார்ந்து அவற்றிலிருந்து ஏதாவது வனையலாம் என்பது உண்மை. அதற்காக வைத்திருக்க விரும்புபவர் வைத்திருக்கட்டும். ஆனால் இடம் இல்லாதபோது முதலில் போகவேண்டியவை அவைதான். முடித்த நூறு படங்களின் எக்ஸ்எம்பி கோப்புகளை, அளவில் சிறியவை என்பதால் குப்பை என்று நினைத்துத் துடைத்துப்போடுபவர்தான் உண்மையில் படத்தை அழிக்கிறார்.